உப்பளச் சாலையில் ஓடும் ஜீப்: அடியில் துரு, ரப்பர் கோட்டிங் அடிக்கலாமா?

முத்துநகர்_ஜீப்

வண்டி 2015 மாடல் டீசல் ஜீப். சேஸி (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) தனி, பாடி தனி. பின்னால் லீஃப் ஸ்பிரிங். வாரத்தில் ஐந்து நாள் தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காடு, தருவைகுளம் பக்கம் உப்பளங்களை ஒட்டிய சாலையில்தான் ஓட்டம். முன்னால் போகும் உப்பு லாரியிலிருந்து ஒழுகும் தண்ணீர் முழுக்க அடியில்தான் அடிக்கிறது.

இப்போதைய நிலை: பின் ஆக்சிலுக்கு மேலே சேஸி வளையும் இடத்தில் துரு செதில் செதிலாக உரிகிறது. சுத்தியலால் தட்டினால் சேஸியின் துளைகள் வழியாகத் துருத்தூள் கொட்டுகிறது. பாடியைச் சேஸியோடு பிணைக்கும் பாடி மவுண்ட் பிராக்கெட் இரண்டில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. பின் ஆக்சில் மேல் ஓடும் பிரேக் பைப் பழுப்பாகிவிட்டது. முன்பக்கம் ஓரளவு சுத்தம், எஞ்சின் ஆயில் கசிவு படிந்த இடத்தில் துருவே இல்லை.

ஒரு கடையில் ஒரே நாளில் ரப்பர் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். வாட்டர் சர்வீஸில் டீசலும் வேஸ்ட் ஆயிலும் கலந்து அடித்தால் போதும் என்கிறார்கள். வடகிழக்கு மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். எதைச் செய்வது, எந்த வரிசையில்?

-----

பூச்சு_பொறியாளன்

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வரிசை ஏன் அப்படி என்று புரியும்.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடற்கரை ஊரில் இரவில் அந்த அளவு வருவது சாதாரணம். உப்பளத் தண்ணீரில் அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு அதிகம். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே நடுப்பகல் வெயிலில் காய்ந்த மாதிரி தெரியும் சேஸியிலும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். நல்ல மழைத்தண்ணீரில் நனைந்த வண்டி காய்ந்ததும் துருப்பிடிப்பது நின்றுபோகும். உங்கள் வண்டியில் அது நிற்பதே இல்லை.

இந்த நிலையில் ரப்பர் கோட்டிங் அடித்தால் உப்பும் ஈரமும் உள்ளே அடைபடும். அந்தக் கோட்டிங் வழியாக நீராவியும் ஆக்சிஜனும் மெல்ல ஊடுருவத்தான் செய்யும், அதனால் அடியில் வேலை தொடரும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கோட்டிங்கை உள்ளிருந்தே தூக்கிவிடும். தூக்கிய இடத்தில் பை மாதிரி தண்ணீர் தங்கும். வெளியே பார்த்தால் கறுப்பாக, புதிதாக இருக்கும். ஒரே நாளில் முடிக்கிறோம் என்று ஒருவர் சொன்னாலே, கழுவிக் காயவைக்க நேரம் விடவில்லை என்றுதான் அர்த்தம்.

வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம். எரிந்த ஆயிலில் அமிலமும் கரியும் உலோகத் துகளும் இருக்கும். டீசல் கலந்ததும் புஷ் ரப்பர் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) ஊதும், டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது. டீசல் மெல்ல ஆவியாகிவிடும், மிஞ்சுவது மணலைப் பிடித்துவைக்கும் பசை. சொட்டுவதெல்லாம் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். எஞ்சின் கசிவு படிந்த இடத்தில் துரு இல்லை என்று நீங்கள் கவனித்தது சரிதான், எண்ணெய்ப் படலம் காப்பாற்றும். அதற்குச் சுத்தமான, ரப்பரைக் கெடுக்காத பொருள்கள் தனியாக இருக்கின்றன.

வேலையின் வரிசை இப்படி:

கழுவுதல். உப்பை எடுக்க அழுத்தத்தைவிடத் தண்ணீரின் அளவுதான் முக்கியம். முதலில் சேறும் கிரீஸும் போக பிரஷர் வாஷர். முனை தகட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், வயர் கனெக்டரிலும் பேரிங் சீலிலும் நேராக அடிக்காதீர்கள். அதன்பிறகு சாதாரண ஓஸ் பைப். சேஸியின் முன் துளையில் ஓஸைச் செருகி, பின் துளையில் வரும் தண்ணீர் தெளிவாகும் வரை ஓட விடுங்கள். இரண்டு பக்கமும், குறுக்குக் கட்டைகளிலும் இதே மாதிரி. முதலில் வருவது பழுப்புச் சேறாக இருக்கும், அதுதான் நீங்கள் சொன்ன துருத்தூள்.

காயவைத்தல். குறைந்தது 2 முழு நாள். வண்டியின் மூக்கைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினால் சேஸிக்குள் தங்கிய தண்ணீர் பின்பக்கம் வடியும். கம்ப்ரஸர் காற்றைத் துளைகளில் விடுங்கள். காற்றோட்டம் இல்லாத ஷெட்டில் ஈரத்தோடு பூட்டிவைப்பது வெளியில் விடுவதைவிடக் கெடுதல்.

சுரண்டல். செதில் துருவைச் சுத்தியல், உளி, ஸ்கிரேப்பர் கொண்டு எடுத்துவிட்டு, கிரைண்டரில் 60 அல்லது 80 நம்பர் டிஸ்க். வெறும் கம்பி பிரஷ் வீல் மட்டும் போட்டால் துருவை மெருகேற்றிவிடும். பளபளவென்று வெள்ளிபோல் தெரியும், குழிக்குள் துரு அப்படியே இருக்கும். பலர் ஏமாறும் இடம் இது.

சுரண்டியபின் இரண்டாம் முறை கழுவுங்கள். இதை யாரும் செய்வதில்லை, கடலோர வண்டிக்கு இதுதான் முக்கியம். குளோரைடு துருவின் அடித்தளத்தில், குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். மேல் துருவை எடுத்தபிறகுதான் தண்ணீர் அதைத் தொட முடியும். கழுவிக் காயவைத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் வெற்றுத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் கறுப்போ ஆரஞ்சோ தெரிந்தால் அந்த இடத்தில் உப்பு மிச்சம். நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்து மறுபடி கழுவ வேண்டும். முழுப்பரப்பும் ஒரே சீராக லேசாக மங்கினால் பரவாயில்லை, மறுபடி 80 நம்பர் உப்புத்தாள் ஒரு முறை போட்டால் போய்விடும்.

பிரைமர். வெற்றுத் தகடு தெரியும் இடமெல்லாம் டூ பேக் (இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும்) எபாக்ஸி பிரைமர், 2 கோட். கலவை விகிதம் டின்னில் எழுதியபடியே, கண்ணளவு கூடாது. எடுக்க முடியாத ஒட்டிய துரு உள்ள இடத்தில் டானிக் அமில ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மாற்றும் திரவம்). துரு கறுப்பாக மாறியபின் டின்னில் சொன்ன நேரம் காத்திருந்து மேல் பூச்சு. பாஸ்பாரிக் அமில வகையைப் பயன்படுத்தினால் நன்றாகத் தண்ணீரில் அலசிக் காயவைக்காமல் எபாக்ஸி அடிக்காதீர்கள், மிச்ச அமிலம் எபாக்ஸியை இறுக விடாது. அமிலம் எதையும் லீஃப் ஸ்பிரிங்கிலும் உயர் வலிமை போல்ட்டுகளிலும் தடவக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவை நொறுங்கும் தன்மை அடையும்.

எபாக்ஸி நன்றாக இறுகியபிறகுதான், சேஸிக்குள்ளும் அடியிலும் அடிக்கும் துருத் தடுப்பு மெழுகு. மெழுகை முன்னால் அடித்தால் துளை வழியாக வெளியே கசிந்து, அந்த இடத்தில் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது.

-----

சேஸி_டிங்கர்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா கழுவுறதுக்கும் பெயின்ட்டுக்கும் முன்னால ரெண்டு விஷயம் பாக்கணும் தம்பி. தகடு இருக்கா, பிரேக் பைப் தாங்குமா.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. நாலு ஸ்டாண்ட் போடுங்க, இல்ல ரேம்ப்ல ஏத்துங்க. சின்னச் சுத்தியலால சேஸியை அடிப்பக்கமும் பக்கவாட்டிலயும் ஒரு சாண் இடைவெளியில தட்டிட்டே வாங்க. நல்ல தகடு கணீர்னு கேக்கும். தின்னுபோன இடம் மொத்துன்னு கேக்கும், சுத்தியல் எகிறாது. அங்க தடித்த ஸ்குரூடிரைவர வெச்சு அழுத்துங்க. அமுங்கினாலோ உள்ள போனாலோ அது பெயின்ட் வேலை இல்ல, வெல்டிங் வேலை. கட்டாயம் பாக்க வேண்டிய இடம்: ஸ்பிரிங் ஷேக்கிள் பிராக்கெட் (லீஃப் ஸ்பிரிங் முனைய சேஸியில மாட்டுற இடம்), வளைவோட மேல்பக்கம், பாடி மவுண்ட் காது, டேங்க் பட்டை. டேங்க் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு ரப்பர் இருக்கும், அதுக்கு அடியில ஈரம் நிக்கும். பட்டைய கழட்டிப் பாக்காம நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது.

வெல்டிங் வந்தா: தின்ன இடத்தை வெட்டி எடுத்து, நல்ல தகடு வர வரைக்கும் போகணும். மெலிஞ்ச தகட்டு மேல ஒட்டு வெச்சா ஓரத்துல ஓட்டை விழும். ஒட்டுத் தகடு சேஸித் தகட்டோட கனத்துக்கே இருக்கணும். முக்கியமா, ஒட்டோட ரெண்டு முனையையும் சாய்வா வெட்டுங்க. சேஸிக்கு நேர் குறுக்கா ஒரே கோடா வெல்டு ஓட்டினா, அந்தக் கோட்டுலயே பின்னால விரிசல் விடும். பேட்டரி ரெண்டு முனையும் கழட்டணும், வெல்டிங் எர்த்தைப் பக்கத்துலயே கவ்வணும், டேங்கையும் டீசல் லைனையும் இறக்கணும். பைபர், பட்டி, எம்சீல் போட்டு சேஸி ஓட்டைய மூடி மேல கறுப்பு அடிச்சுக் குடுக்கறவங்க இருக்காங்க. லோடு ஏத்தின அன்னைக்கு அது உயிரை வாங்கும்.

பிரேக் பைப். பழுப்பா இருக்குன்னு சொன்னீங்க. துணியால துடைச்சு, நகத்தால கீறிப் பாருங்க. மேல் நிறம் மட்டும்னா வழவழன்னு இருக்கும். நகம் குழியில மாட்டினா மாத்திடுங்க, யோசிக்க வேண்டாம். கிளிப் பிடிச்சிருக்கற இடத்துக்கு அடியிலதான் முதல்ல குழி விழும், வெளியில பாத்தா தெரியாது. புதுசுக்கு காப்பர்-நிக்கல் பிரேக் பைப் போடுங்க, 4.75 மி.மீ. தான் பொது அளவு, பழசை எடுத்துட்டுப் போய் ஒப்பிட்டு வாங்குங்க. அது உப்புக்குத் துருப்பிடிக்காது. ஏசி மெக்கானிக் வெச்சிருக்கற சாதா செம்புக் குழாய் பிரேக்குக்கு ஆகாது, அதிர்வுல களைச்சு விரிசல் விடும். பழைய நட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கி அடிச்சு வைங்க, கழட்டும்போது ஃபிளேர் நட் ஸ்பானர் போடுங்க. சாதா ஸ்பானர் மூலைய உருட்டிடும். அப்புறம் பிளீடிங் (பைப்புக்குள்ள இருக்கற காத்த வெளியேத்தறது), மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்துல இருந்து ஆரம்பிக்கணும். நம்ம ஊர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டில அது பின் இடது. ஏபிஎஸ் இருந்தா மேனுவல்ல உள்ள வரிசைதான்.

பைப் மேல ரப்பர் கோட்டிங் எப்பவும் வேண்டாம். உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க முடியாது. மெழுகு தடவினா போதும்.

-----

ஸ்காபுரோ_வாகனம்

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். இங்க உப்பு கடலில இருந்து வாறதில்லை, பனிக்காலத்தில றோட்டில போடுற உப்பு. பனி கொட்ட முந்தியே உப்புத் தண்ணியை றோட்டில தெளிச்சு விடுவினம், அது கல்லுப்பை விடக் கூடுதலாக இடுக்குகளுக்குள்ள போகும். உங்கட உப்பு லாரித் தண்ணியும் கிட்டத்தட்ட இதே வேலைதான் செய்யுது.

இங்க பெரும்பாலும் இறுகிற கோட்டிங்கை நம்பாமல் ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில எண்ணெய் அடிக்கிற வழக்கம். காரணம் சின்னது: இறுகின கோட்டிங்கில ஒரு கல் அடிச்சு வெடிச்சால் அது அப்பிடியே இருக்கும், அதுக்குள்ளால தண்ணி போகும். எண்ணெயோ லானோலினோ இறுகாது, கீறின இடத்துக்குத் திரும்ப ஊர்ந்து போய் மூடும். ஆனால் கழுவுப்பட்டுப் போகும், அதால வருஷத்துக்கு ஒருக்கா அடிக்கவேணும். அடிச்சு ஒண்டு ரெண்டு நாளைக்குச் சொட்டும், அதுக்கு ஒரு காட்போட் மட்டையை விரிச்சு விடுங்கோ.

லானோலின் எண்டால் ஆட்டு ரோமத்தில இருக்கிற மெழுகு. பெற்றோலிய எண்ணெய் மாதிரி றப்பரைக் கனக்க ஊத வைக்காது, எண்டாலும் இயற்கை றப்பர் புஷ்களில நேர அடிக்காமல் விடுறது நல்லம்.

சேஸிக்குள்ள என்ன நடக்கும் எண்டதுக்கு ஒரு உதாரணம்: வட அமெரிக்காவில ரொயோட்டா ரகோமா பிக்கப்புகளின்ர சேஸி உள்ளுக்குள்ள இருந்து துருப்பிடிச்ச விஷயம் வழக்காகி, 2016ல ஒரு இணக்கத்துக்கு வந்தது. 2005இல இருந்து 2010 வரைக்குமான ரகோமா, அதோட சில வருஷ ருண்ட்ரா, சீக்கோயா எல்லாம் அதுக்குள்ள அடக்கம். குறிப்பிட்ட அளவு ஓட்டை விழுந்த சேஸியளை முழுசாக மாத்திக் குடுக்கவேண்டி வந்தது. வெளியில பூச்சு இருந்தாலும் பெட்டி மாதிரி மூடின சேஸிக்குள்ள ஈரம் நிக்கும். அதால வெளிப்பக்கத்தை விட உள்பக்கத்துக்குக் கூடக் கவனம் குடுங்கோ.

ஒண்டு கவனிக்கவேணும். இங்க சில இடங்களில உள்ளுக்கு அடிக்கிறதுக்கெண்டு கதவு, அதுக்குக் கீழ இருக்கிற சில் (பெட்டிப் பகுதி) எல்லாத்திலயும் துளை போட்டு பிளாஸ்ரிக் மூடி வைப்பினம். துளையின்ர விளிம்பு வெறும் தகடாக இருந்தால் துரு அதில இருந்தே தொடங்கும். கொம்பனி போட்ட துளைகளே சேஸியில காணும், புதுசாகப் போட வேண்டாம்.

-----

முத்துநகர்_ஜீப்

எல்லோருக்கும் நன்றி. தட்டிப் பார்த்தேன். வளைவில் மொத்தென்று கேட்கும் இடம் எதுவும் இல்லை, செதிலுக்கு அடியில் தகடு கெட்டியாக இருக்கிறது. இடது ஷேக்கிள் பிராக்கெட் ஓரம் மட்டும் ஸ்குரூடிரைவருக்கு அமுங்குகிறது, அதை வெல்டிங்குக்கு விடுகிறேன் அண்ணாச்சி. பிரேக் பைப்பில் நகம் மாட்டுகிறது, மாற்றிவிடுகிறேன்.

இன்னும் சந்தேகங்கள். எபாக்ஸி எவ்வளவு வாங்குவது? வீட்டில் ரெட் ஆக்சைடு 4 லிட்டர் இருக்கிறது, அதையே அடிக்கக் கூடாதா? சேஸிக்குள் மெழுகு எப்படிப் போடுவது? எல்லாவற்றையும்விட, எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் என்ன பயன்?

-----

பூச்சு_பொறியாளன்

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், நல்ல கேள்வி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மி.கி. உப்பு. உப்பளப் பாத்தித் தண்ணீரில் அதைப்போலப் பல மடங்கு. போர் தண்ணீர் 2,000, 3,000 என்று இருந்தாலும் சேஸியில் படிந்ததைக் கரைத்து எடுக்க அது போதும். விட்டுவைக்கக் கூடாதது, அது காய்ந்து விட்டுப்போகும் உப்புதான். ஆகவே கழுவுவது முழுக்க போர் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் 30 முதல் 40 லிட்டர் நல்ல தண்ணீரில், போர் தண்ணீர் காய்வதற்குள். குழாய்த் தண்ணீரோ மழைநீரோ எதுவானாலும் சரி. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், 500-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் பிடித்துக் கழுவாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

எபாக்ஸி அளவு. இரண்டு பக்கச் சட்டம் தலா 4 மீட்டர், வெளிச்சுற்று சுமார் 40 செ.மீ. என்று வைத்தால் 3.2 சதுர மீட்டர். குறுக்குக் கட்டைகளும் பிராக்கெட்டுகளும் சேர்ந்து மொத்தம் 5 சதுர மீட்டர். பாதி அளவு திடப்பொருள் கொண்ட எபாக்ஸி 1 லிட்டர், காய்ந்தபின் 100 மைக்ரான் கனத்தில் 5 சதுர மீட்டருக்கு வரும் என்பது ஏட்டுக் கணக்கு. பிரஷ்ஷில் ஒட்டியது, கீழே சொட்டியது, குழியில் போனது என 30 சதவீதம் கழியும். 1.5 லிட்டர் செலவாகும், 2 லிட்டர் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். நம் வெயிலில் கலவை டின்னில் எழுதிய நேரத்தைவிடச் சீக்கிரம் கெட்டியாகும். அரை லிட்டர் அரை லிட்டராகக் கலந்து அடியுங்கள்.

முதல் கோட் பிரஷ்ஷில்தான். வெல்டு ஓரம், போல்ட் தலை, தகட்டின் விளிம்பு இந்த மூன்றிலும் பெயின்ட் மெலிந்து நிற்கும், துரு அங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும். அந்த இடங்களுக்கு மட்டும் தனியாக ஒரு கோட் வரிந்து அடித்துவிட்டு, அதன்பிறகு முழுக்கோட். ஸ்பிரே கன் இந்த மூலைகளுக்குள் போகாது.

நேரம்: காலை 9 மணிக்குமேல், பனி காய்ந்தபிறகு. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் அடித்ததாகிவிடும். தூத்துக்குடியில் இன்னொரு தொல்லை கடற்காற்று. முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவில் ஓர் இரவு போனால் பூச்சின்மேல் உப்பு படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்தபின் அடுத்த கோட். உப்பின்மேல் அடித்தால் சில மாதத்தில் கொப்புளம் வரும்.

ரெட் ஆக்சைடைப் பொறுத்தவரை, அது வீட்டு ஜன்னல் கம்பிக்கான பொருள். கடையில் கிடைக்கும் சாதாரண வகை அல்கைடு என்னும் எண்ணெய்ப் பெயின்ட். உப்பு ஈரத்தில் எபாக்ஸி அளவுக்கு நிற்காது, கல்லடிக்கும் பெயர்ந்துவரும். கேட்டுக்கு அடித்துவிடுங்கள். ஜிங்க் நிறைந்த பிரைமர் என்று யாராவது சொன்னால், அது வெற்று, சுத்தமான தகட்டை நேரடியாகத் தொட்டால்தான் வேலை செய்யும். கன்வெர்ட்டர் மேலோ துருவின் மேலோ அடித்தால் ஜிங்க்கின் பலன் கிடைக்காது.

மெழுகு. சேஸிக்குள் அடிக்க கேவிட்டி வேக்ஸ் என்று கேளுங்கள். கம்ப்ரஸர் 4 முதல் 6 பார், 1 லிட்டர் டப்பா மாட்டும் அண்டர்பாடி கன், அதோடு சுமார் 1 மீட்டர் நீள நைலான் குழாய், நுனியில் எல்லாப் பக்கமும் தெறிக்கும் முனை. குழாயைத் துளைக்குள் முழுக்க விட்டு, டிரிகரை அழுத்தியபடி சீராக வெளியே இழுக்க வேண்டும். அடுத்த துளையில் புகைபோல வெளியே வந்தால் அந்தப் பகுதி நிறைந்தது. உள்ளே தேய்த்துச் சுத்தம் செய்ய வழியில்லை, அதனால் முதலில் ஊடுருவும் மெல்லிய வகை, ஒரு நாள் விட்டுக் கெட்டி வகை. சேஸி முழுதுக்கும் 2 லிட்டர் ஆகும். வெயில் தாங்கும் வெப்ப அளவு டின்னில் இருக்கும், 70 டிகிரிக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். தார்ச்சாலை மேல் நின்ற வண்டியில் அது உருகி வடிந்துவிடும்.

வெளிப்பக்கத்துக்கு 3 முதல் 4 லிட்டர் மெழுகு வகை அண்டர்பாடி கோட். அதற்குமுன் மறைக்க வேண்டியவை: பிரேக் டிஸ்க், டிரம், காலிப்பர், சைலன்சர் முழுக்க, எக்ஸாஸ்ட் சென்சார், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர் தண்டு, ரேடியேட்டர், ஹேண்ட் பிரேக் கேபிள் உறையின் வாய், எர்த் போல்ட். புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு பக்கம் கூடுதலாகப் படிந்தால் வேகத்தில் அதிர்வு வரும். சைலன்சரில் பட்டால் புகையும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வடிகால் துளைகளை வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அவற்றை மெழுகால் அடைத்துவிட்டால் நீங்கள் செய்த வேலை தலைகீழாகிவிடும்.

-----

ஈசிஆர்_ஹேட்ச்பேக்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 3 வருடமான சின்ன கார், கோவளம் பக்கம் கடலிலிருந்து 400 மீட்டரில் நிற்கிறது. அடியில் துரு இல்லை. முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா? பேட்டரியில் மாட்டும் எலக்ட்ரானிக் துருத் தடுப்புக் கருவி விற்கிறார்களே, அது பயன்படுமா?

-----

பூச்சு_பொறியாளன்

கருவி வேண்டாம். மின்சாரத்தால் துருவைத் தடுக்கும் முறை உண்மையானது. கப்பலின் அடிப்பாகத்திலும் மண்ணில் புதைத்த குழாயிலும் அது வேலை செய்கிறது. அங்கே உலோகம் முழுக்கத் தண்ணீரிலோ ஈர மண்ணிலோ மூழ்கியிருக்கிறது, மின்னோட்டம் அதன் வழியாகச் சுற்றை முடிக்கிறது. காற்றில் நிற்கும் காரில் அங்கங்கே துளித்துளியாக ஈரம் இருக்கும், சுற்று முடியாது.

உங்கள் காரில் சேஸி தனியாக இல்லை, பாடித் தகடே சட்டம். கம்பெனியில் முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்முறையில் பிரைமர் ஏற்றியிருப்பார்கள், சுமார் 20 மைக்ரான். மேலே தகட்டு இணைப்புகளில் சீலர், அடியில் பிவிசி பூச்சு. அது கெடாதவரை மேலே இன்னொரு ரப்பர் கோட்டிங் தேவையில்லை. மெல்லிய மெழுகு அல்லது லானோலின், 1.5 முதல் 2 லிட்டர், வருடம் ஒரு முறை போதும்.

கவனம் வேறு இடத்தில் வேண்டும். கதவின் அடி ஓரம், கதவுக்குக் கீழே முன்பின் ஓடும் பெட்டிப் பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி குழி, கண்ணாடிக்குக் கீழே இலை சேரும் தொட்டி, எல்லாவற்றுக்கும் வடிகால் துளை உண்டு. வேப்பிலையும் மணலும் அடைத்தால் தண்ணீர் உள்ளே நிற்கும். பிளாஸ்டிக் கேபிள் டையால் குத்தி எடுங்கள், இரும்புக் கம்பி பெயின்ட்டைக் கீறும். வீல் ஆர்ச் உள்ளே பிளாஸ்டிக் லைனரைக் கழற்றிப் பாருங்கள், அதன் பின்னால் ஒரு கை மணல் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும். ஜாக்கி வைக்கும் விளிம்பில் பிவிசி நசுங்கிப் பிளந்திருந்தால் அங்கே உடனே எபாக்ஸியும் மெழுகும். ஜாக்கித் தலையில் நடுவில் வெட்டு விட்ட ரப்பர் கட்டை வையுங்கள்.

இன்னொன்று, பொருள் வாங்கும்போது டப்பாவில் "உப்பு மூடுபனிச் சோதனையில் 1,000 மணி நேரம்" என்று போட்டிருப்பார்கள். அந்தச் சோதனை 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீரை விடாமல் தெளிப்பது. ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட ஓரளவு உதவும், அதை வருடமாக மாற்றிக் கணக்குப் போட முடியாது. கல்லடியும் வெயிலும் நனைந்து காயும் சுழற்சியும் அதில் இல்லை.

-----

சேஸி_டிங்கர்

ஜீப் தம்பிக்கு, வேலை முடிஞ்ச பிறகு பாத்துக்க வேண்டியது. உப்பளப் பக்கம் ஓடின வாரம் ஒவ்வொண்ணுலயும் ஒரு தடவை அடியில தண்ணி. அதுக்குப் பெரிய செலவு வேண்டாம். அரை இஞ்ச் பிவிசி பைப்ல டி மாதிரி ஒண்ணு செஞ்சு, குறுக்குப் பைப்ல 10 செ.மீ.க்கு ஒரு 2 மி.மீ. துளை மேல்பாக்க போட்டு, ரெண்டு முனையையும் மூடி, நடுவுல ஓஸை மாட்டுங்க. வண்டிக்கு அடியில தள்ளி, முன்னால இருந்து பின்னால வரைக்கும் மெதுவா நகத்தணும், 15 நிமிஷம். ஞாபகமா அதே நாள்ல சேஸித் துளையிலயும் ஓஸ விடுங்க.

பின் சக்கரத்துக்கு நேர் முன்னால மெழுகு சீக்கிரம் தேஞ்சிடும், கல்லு அங்கதான் அடிக்குது. அங்க மட்டும் 6 மாசத்துக்கு ஒரு தடவை தொட்டு விடுங்க. வெளிப்பக்கம் முழுசும் வருஷத்துக்கு ஒண்ணு, சேஸிக்குள்ள 2 வருஷத்துக்கு ஒண்ணு. உங்க ஓட்டத்துக்கு மூணாவது வருஷம் வரைக்கும் தள்ளாதீங்க.

ஷேக்கிள் பிராக்கெட் வெல்டிங் முதல்ல, பைப் மாத்துறது அதோடயே, அப்புறம்தான் கழுவல். வெல்டு அடிச்ச இடத்தோட உள்பக்கம் பெயின்ட் எரிஞ்சு வெறுந்தகடா நிக்கும். மெழுகு குழாயை விடும்போது அந்த இடத்துல ரெண்டு தடவை போய் வாங்க. காத்துக் காலம் அடங்கி மழை தொடங்கறதுக்குள்ள, செப்டம்பர் கடைசிக்கு முன்னால முடிச்சிடுங்க. ஒருவேளை வேலை நடுவுல மழை வந்துட்டா, பிரைமர் அடிக்காத வெற்றுத் தகட்டை அப்படியே விடுங்க, தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாதீங்க. உள்ள வேர்த்து ஒரே ராத்திரியில செம்மண் நிறமாயிடும், திரும்ப 80 நம்பர் தாளோட முதல்ல இருந்து வரணும்.